கேட்காத ஒன்பது ஆண்டுகள்: அரக்கோணமும் கேள்வி நேரமும்

2004 மே மாதத்திலிருந்து 2013 மார்ச் வரை மக்களவையில் அரக்கோணம் தொகுதியின் உறுப்பினர் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க முடியாது. காரணம், அவர் அமைச்சர். 2004 தேர்தலில் வென்ற பா.ம.க.வின் ஆர். வேலு ரயில்வே இணை அமைச்சரானார். 2009-இல் வென்ற தி.மு.க.வின் எஸ். ஜெகத்ரட்சகன் தகவல் ஒலிபரப்புத் துறை இணை அமைச்சராகப் பதவியேற்று, மன்மோகன் சிங் அரசிலிருந்து தி.மு.க. வெளியேறிய 2013 மார்ச் வரை அமைச்சராக நீடித்தார். இடையில் 2009 மார்ச் இறுதியில் பா.ம.க. அணி மாறியபோது வேலு பதவி விலகினார். ஆனால் அந்த மக்களவையின் கடைசிக் கூட்டத்தொடர் அதற்கு முன்பே முடிந்திருந்தது. அவை கூடிய நாள்களை மட்டும் எண்ணினால், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அரக்கோணம் பதில் சொல்லும் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தது.

தொகுதிக்கு மந்திரி பதவி கிடைத்தால் ஊரில் பட்டாசு வெடிப்பார்கள். வெடிக்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் நம் நாடாளுமன்ற நடைமுறையில் ஓர் உறுப்பினர் அமைச்சரான அன்றே கேள்வி கேட்கும் உரிமை அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. அமைச்சரவைக்குக் கூட்டுப் பொறுப்பு உண்டு. ஓர் அமைச்சர் இன்னோர் அமைச்சரை அவையில் நிறுத்திக் கேட்பது நடக்காது. கடிதம் எழுதலாம், நேரில் பார்த்துச் சொல்லலாம், கோப்பை நகர்த்தச் சொல்லலாம். இவற்றில் எதுவும் அவைக் குறிப்பில் ஏறாது. தொகுதிக்காரர் யாரும் பிற்பாடு எடுத்துப் படித்து, ‘அன்று இப்படிச் சொன்னீர்களே’ என்று கேட்கவும் வழியில்லை.

வேறு தொகுதியில் இது சின்ன இழப்பாக இருந்திருக்கலாம். அரக்கோணத்தில் அப்படி இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு அரக்கோணம் என்றால் ரயில் சந்திப்பு. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுக்கு 1992-இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளம், தேசிய பேரிடர் மீட்புப் படையின் முகாம். ஆனால் தொகுதி ஊரோடு முடியவில்லை. 2008 மறுசீரமைப்புக்குப் பிறகு திருத்தணி, அரக்கோணம், சோளிங்கர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு என்ற ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்ததுதான் அரக்கோணம் மக்களவைத் தொகுதி. ஆம்பூரும் வாணியம்பாடியும் பக்கத்து வேலூர் தொகுதியில் இருக்கின்றன. தோல் தொழிலின் கிழக்குப் பாதி, அதாவது ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும், அரக்கோணத்தின் கணக்கில் வருகின்றன. தொண்ணூறுகளில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவும் இந்தத் தொகுதிக்குள்தான் கிடக்கிறது. அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது.

2009 டிசம்பரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழில் பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. 70-ஐத் தாண்டினால் ‘மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதி’. அப்படி 43 இடங்கள் தேறின. வேலூர் (வட ஆற்காடு) பகுதிக்குக் கிடைத்தது 81.79. 2010 ஜனவரியில் அந்த 43 இடங்களிலும் புதிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. எந்த அளவுகோலில் மதிப்பெண் போட்டீர்கள், குரோமியக் குவியலுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், மாநிலத்துக்கு எழுதிய கடிதத்துக்கு என்ன பதில் வந்தது என்றெல்லாம் கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமான ஆண்டு இல்லை. அந்த ஆண்டில் தொகுதியின் உறுப்பினர் வானொலி, தொலைக்காட்சி பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தொகுதி உறுப்பினர்கள் கேட்கலாம், மாநிலங்களவை உறுப்பினர்கள் கேட்கலாம் என்பது உண்மைதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் வீட்டுக் கிணறுதானே முதலில்?

கேள்வி கேட்கும் உரிமை நமக்குச் சும்மா வந்ததல்ல. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பதிவான முதல் கேள்வியே பணத்தைப் பற்றியது. 1721-இல் தென்கடல் கம்பெனி சரிந்து, அதன் காசாளர் ராபர்ட் நைட் நாட்டை விட்டு ஓடிவிட்டார். அவரைப் பிடித்தாயிற்றா என்று பிரபுக்கள் சபையில் கௌப்பர் பிரபு கேட்டார். இந்தியாவில் 1892-ஆம் ஆண்டின் கவுன்சில் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்தது. 1893 பிப்ரவரியில் பிங்கா ராஜா கேட்ட முதல் கேள்வி, சுற்றுப்பயணம் வரும் அரசு அதிகாரிகளுக்குச் சரக்குக் கொடுத்து அல்லல்படும் கடைக்காரர்களைப் பற்றியது. அரசாங்கம் வாங்குகிறது, செலவு யார் தலையில் விழுகிறது என்பதே அதன் சாரம். அப்போது துணைக் கேள்வி கேட்க அனுமதி இல்லை. எழுதிக்கொடுத்ததைக் கேட்டு, எழுதிவந்ததைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும். 1909-இல்தான் முதல் கேள்வியைக் கேட்டவருக்குத் துணைக் கேள்வி உரிமை வந்தது. 1919 சீர்திருத்தத்துக்குப் பின் மற்ற உறுப்பினர்களுக்கும் வந்தது. (அதே 1892-இல்தான் பாலாறு உள்ளிட்ட ஆறுகளைப் பற்றி மைசூரும் சென்னை மாகாணமும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அந்த ஆண்டு கையெழுத்தான இரண்டு தாள்களும் இந்த வட்டாரத்தை இன்னும் விடவில்லை.)

இன்றைய மக்களவையில் இந்த இயந்திரம் ஓடும் விதம் இதுதான். காலை 11 முதல் 12 வரை கேள்வி நேரம். குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு. அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் வாரத்தில் ஒரு நாள். ஓர் உறுப்பினர் ஒரு நாளுக்கு ஐந்து கேள்விகள் வரை கொடுக்கலாம். முன்னுரிமை குலுக்கலில் தீர்மானமாகும். நட்சத்திரக் குறியிட்ட 20 கேள்விகளுக்கு வாய்மொழிப் பதில், குறியில்லாத 230 கேள்விகளுக்கு எழுத்துப் பதில். இருபதில் நாலைந்துதான் உண்மையில் அவையில் எழுந்து நிற்கும், மற்றவை எழுத்துப் பதிலாகிவிடும். அமைச்சருக்கு வியர்ப்பது அந்த நாலைந்தில்தான், அதுவும் துணைக் கேள்வியில்தான். எழுத்துப் பதிலை அதிகாரி எழுதுகிறார். துணைக் கேள்விக்கு அமைச்சர் நின்றுகொண்டு வாய் திறந்தாக வேண்டும்.

அந்த வியர்வைக்கு என்ன விலை என்பதற்கு 1957 நல்ல சாட்சி. ஆயுள் காப்பீட்டுக் கழகம் அந்த ஜூனில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற வணிகரின் ஆறு நிறுவனங்களில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய் முதலீடு செய்தது. பாலிசிதாரர்களின் பணம். செப்டம்பரிலும் நவம்பரிலும் அவையில் கேள்விகள் எழுந்தன, பதில்கள் நழுவின. டிசம்பர் 16-ஆம் தேதி ஆளுங்கட்சியின் பின்வரிசையில் இருந்த பெரோஸ் காந்தி, நழுவிய பதில்களையே ஆதாரமாக அடுக்கி அரசை மடக்கினார். சாக்ளா ஆணையம் விசாரித்தது. சென்னை தெற்குத் தொகுதியிலிருந்து வென்று நிதி அமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். கேட்டவரும் காங்கிரஸ், பதில் சொன்னவரும் காங்கிரஸ். இங்கே கவனிக்க வேண்டியது அதுதான்: ஆளுங்கட்சி உறுப்பினராக இருப்பது கேள்விக்குத் தடையே அல்ல. பெரோஸ் காந்தியை அன்று ஓர் இணை அமைச்சராக்கியிருந்தால் அந்த டிசம்பர் நடந்திருக்காது.

இனி பாலாற்றுக்கு வருவோம். தோல் கழிவு பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆலையின் வாய்க்காலில் தொடங்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொடங்க வேண்டிய இடம் டெல்லியில் வர்த்தக அமைச்சகம். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துத் தோல் மண்டிகளில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட ‘கிழக்கிந்தியத் தோல்’ கப்பலேறியது. வேலை வாரக்கணக்கில் இழுக்கும். 1972-இல் சீதாராமையா குழு, பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலையும் தோல் பொருள்களையும் ஏற்றுமதி செய்ய வழிகாட்டியது. அரசு அதை ஏற்றது. பச்சைத் தோல் ஏற்றுமதி நின்றது, பாதித் தோலுக்கு ஒதுக்கீடும் வரியும் வந்தன, முடித்த தோலுக்கு ஊக்கத்தொகை வந்தது. அந்நியச் செலாவணி பெருகியது, ஆம்பூரில் காலணித் தொழில் வளர்ந்தது, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கிடைத்தது. கூடவே, விரைவாக முடிகிற குரோம் பதனிடலும் பாலாற்றங்கரையில் வேர்விட்டது. கழிவு தானாக வந்துவிடவில்லை. ஒரு கொள்கை முடிவின் மறுபக்கமாக வந்தது. அப்படியானால் அதைப் பற்றிய கேள்வி சுற்றுச்சூழல் அமைச்சருக்கு மட்டும் எப்படிப் போகும்?

ஆனால் போகிறது. கேள்வி நேரத்தின் அடிப்படை ஏற்பாடே அதுதான்: ஒரு கேள்வி, ஓர் அமைச்சகம். வர்த்தக அமைச்சகத்திடம் கேட்டால் ஏற்றுமதி எவ்வளவு உயர்ந்தது, தோல் மேம்பாட்டுத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கியது என்று சொல்லும். 2017 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற திட்டம் 2,600 கோடி ரூபாய். 2022 ஜனவரியில் தொடரப்பட்டபோது 1,700 கோடி. பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் திட்டச் செலவில் 70 விழுக்காடு வரை இதிலிருந்து உதவி தர ஏற்பாடு இருந்தது. சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் 1991 முதல் இதே நிலையங்களுக்கென்று தனித் திட்டம் இருந்தது. மத்திய அரசு கால் பங்கு, மாநில அரசு கால் பங்கு, மீதி தொழில் துறை என்று ஆரம்பித்து, 2012-இல் மத்திய பங்கு பாதியானது. கழிவுநீர் மாதிரியைச் சோதிப்பது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தண்ணீர் மாநிலப் பட்டியல். தொழிற்பேட்டை சிட்கோவுடையது, அல்லது சிப்காட்டுடையது. பணம் கொடுத்தவரிடம் கேட்டால் பணத்தைப் பற்றிப் பேசுவார், நஞ்சை அளந்தவரிடம் கேட்டால் நஞ்சைப் பற்றிப் பேசுவார். இத்தனை கோடி போட்டோமே, உப்பும் குரோமும் எவ்வளவு குறைந்தன என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட நாற்காலி அவையில் இல்லை.

2015 ஜனவரி 31 அதிகாலை இந்தப் பங்கு பிரிப்பு எப்படி இருக்கும் என்று ராணிப்பேட்டை பார்த்தது. சிட்கோ தொழிற்பேட்டையில் தோல் ஆலைகள் கூட்டாக நடத்திய சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தொட்டி யாருடைய அனுமதியில் கட்டப்பட்டது என்பது சுற்றுச்சூழல். ஆலைக்குள் தொழிலாளர் ஏன் உறங்கினார்கள் என்பது தொழிலாளர் துறை. நிலையத்துக்கு மானியம் வந்ததா என்பது தொழில் துறை. இறந்தவர்களின் வாக்கு இருந்ததோ வங்காளத்தில். அவர்களுக்காகக் கேட்க வேண்டிய உறுப்பினர் ராணிப்பேட்டையை வரைபடத்தில் தேட வேண்டியிருந்திருக்கும். புலம்பெயர் தொழிலாளர் விஷயத்தில் அரசு எப்படிப் பதில் சொல்லும் என்பது ஐந்து ஆண்டு கழித்து எல்லோருக்கும் தெரிந்தது. 2020 செப்டம்பரில், கேள்வி நேரம் ரத்தாகி எழுத்துப் பதில் மட்டும் எஞ்சிய அந்தக் கூட்டத்தொடரில், ஊரடங்கில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள், நிவாரணம் கொடுத்தீர்களா என்று கேட்டதற்கு, அப்படியொரு கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, ஆகவே நிவாரணம் பற்றிய கேள்வியே எழவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுதிக்கொடுத்தது. நேரில் நின்று சொல்ல வேண்டியிருந்தால், அடுத்த துணைக் கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பதில்களைப் படிக்க ஒரு பழக்கம் வேண்டும். தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும் என்று அமைச்சர் சொன்னால், அது தட்டிக்கழிப்பு என்று நினைத்து விட்டுவிடுகிறோம். உண்மையில் அது அரசு கொடுக்கும் வாக்குறுதி. 1953 முதல் மக்களவையில் உறுதிமொழிக் குழு ஒன்று இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் வாக்கு நிறைவேறியதா என்று துரத்துவதே அதன் வேலை. தொடர்ந்து துரத்துகிற உறுப்பினர் இருந்தால் நழுவல் பதில்கூடக் காசோலைதான். அட்டவணையோடு வரும் பதிலில் ‘ஒப்புதல் அளிக்கப்பட்டது’, ‘விடுவிக்கப்பட்டது’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். செலவானது எவ்வளவு, செலவில் எழும்பியது எது, எழும்பியதில் ஓடுவது எது என்ற மூன்று கட்டங்கள் இருக்காது. அந்த மூன்றையும் கேட்பவர் கேட்க வேண்டும்.

அமைச்சராக இருந்தால் தொகுதிக்கு வேறு விதத்தில் லாபம்தானே என்று கேட்கலாம். ஆர். வேலு விஷயத்தில் அதற்கு ஆதாரம் உண்டு. அவர் இணை அமைச்சராக இருந்த 2006-07 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் திண்டிவனம்-நகரி புதிய பாதை சேர்ந்தது. ஆரணி, ஆற்காடு, ராணிப்பேட்டை வழியாக ஏறத்தாழ 180 கிலோமீட்டர். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியபோது ஆற்காட்டின் பேர் இருந்தது, ஊர் இல்லை. அந்தக் குறை தீரும் என்று மக்கள் நம்பினார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டு ஆகியும் முழுப் பாதை ஓடவில்லை. ஆண்டுதோறும் யாராவது ஓர் உறுப்பினர் தமிழ்நாட்டு ரயில் திட்டங்களைப் பற்றிக் கேட்கிறார். ரயில்வே அமைச்சகத்தின் அண்மைக்காலப் பதில் ஏறத்தாழ மனப்பாடமாகிவிட்டது: தமிழ்நாட்டுத் திட்டங்களுக்கு வேண்டிய நிலம் 4,288 ஹெக்டேர், கிடைத்தது 991 ஹெக்டேர், அதாவது 23 விழுக்காடு, நிலம் எடுத்துத் தர வேண்டியது மாநில அரசு, 2009-14-இல் ஆண்டுக்குச் சராசரி 879 கோடியாக இருந்த ஒதுக்கீடு 2025-26-இல் 6,626 கோடி.

எண்கள் சரியாகவே இருக்கட்டும். அந்தப் பதில் கேள்வி கேட்டவரை எங்கே திருப்பிவிடுகிறது என்று பாருங்கள்: டெல்லியிலிருந்து சென்னைக்கு. சென்னையில் சட்டமன்றத்தில் கேட்டால், நிலம் எடுக்க ரயில்வே பணம் கட்ட வேண்டும், வரைபடம் ஒப்புதலாக வேண்டும் என்று கோப்பு மறுபடி வடக்கே போகும். 6,626 கோடியில் இந்தப் பாதைக்கு எவ்வளவு, சென்ற ஆண்டு ஒதுக்கியதில் திரும்பிப்போனது எவ்வளவு என்று நேராகக் கேட்டால்தான் இந்தப் பந்து ஓரிடத்தில் நிற்கும். 2017-18 முதல் ரயில்வேக்குத் தனி நிதிநிலை அறிக்கை இல்லாமல் பொது அறிக்கையோடு கலந்துவிட்டதில், அப்படிக் கேட்பதற்கான ஒரு தனி மேடையும் போய்விட்டது. அமைச்சர் பதவி பாதையைக் காகிதத்தில் போட்டுத் தந்தது. தண்டவாளமாக மாறியதா என்று கேட்கும் வேலை வேறொருவருடையது.

(ரயில்வே அமைச்சர்கள் விஷயத்தில் அரக்கோணத்துக்குப் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. 1977-இல் இத்தொகுதியின் முதல் தேர்தலில் வென்ற ஓ.வி. அழகேசன், 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தபோது ரயில்வே துணை அமைச்சர். லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அழகேசனைத் தி.மு.க. மேடைகள் எதுகை மோனையோடு கேட்ட கேள்வியை எந்த அவைத் தலைவராலும் குறிப்பிலிருந்து நீக்க முடியவில்லை.)

சட்டமன்றத்திலும் இதே கதையின் இன்னொரு வடிவம் நடந்தது. 2021 தேர்தலுக்குப் பின் அமைந்த அமைச்சரவையில் காட்பாடி உறுப்பினர் துரைமுருகன் நீர்வளத் துறை அமைச்சர். ராணிப்பேட்டை உறுப்பினர் ஆர். காந்தி கைத்தறி, துணிநூல் துறை அமைச்சர். ஆறில் இரண்டு தொகுதிகள் பதில் வரிசையில். திருத்தணி, சோளிங்கர், ஆற்காடு மூன்றும் ஆளும் கூட்டணி. எதிர்க்கட்சி என்று சொல்ல ஒரே ஒரு இருக்கை, அரக்கோணத்தின் எஸ். ரவியுடையது, அ.தி.மு.க. குரோமியக் கழிவு கிடக்கும் ராணிப்பேட்டையின் உறுப்பினர் அதைப் பற்றிப் பேரவையில் கேள்வி எழுப்ப முடியாமல் இருந்தது. பாலாற்றுத் தண்ணீரைப் பற்றி அந்த ஆற்றங்கரைக்காரரே பதில் சொல்ல வேண்டியிருந்தது. துரைமுருகன் அ.தி.மு.க. ஆட்சியின்போது பேரவையின் பொதுக் கணக்குக் குழுத் தலைவராக இருந்தவர் என்பது இந்தக் கதையின் சுவையான பகுதி. தணிக்கை ஆட்சேபங்களைத் துறைச் செயலாளர்கள் முன்னால் போட்டு விளக்கம் கேட்ட நாற்காலியிலிருந்து, விளக்கம் கொடுக்கும் நாற்காலிக்கு.

பேரவையின் கேள்வி நேரத்தைவிட மானியக் கோரிக்கை நாள்களில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். ஒவ்வொரு துறையின் செலவுக்கும் அவை வாக்களிக்க வேண்டிய நாள் அது. கொள்கை விளக்கக் குறிப்பு மேசைக்கு வரும், உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லும் தீர்மானம் தோற்கும் என்று எல்லோருக்கும் தெரியும்; ஆனால் அந்த நூறு ரூபாயின் சாக்கில் துறையின் எந்தத் திட்டத்தையும் பெயர் சொல்லிக் கேட்கலாம். நடப்பது என்ன? தொகுதிக்கு ஒரு பாலம், ஒரு துணை மின்நிலையம், தலைவருக்குப் புகழ்மாலை, பிறகு அமைச்சரின் அறிவிப்புகள். ஒரே நாளில் இரண்டு மூன்று துறைகளின் கோரிக்கைகள் நிறைவேறிவிடும். கேரளச் சட்டமன்றத்தில் 1980 முதல் துறைவாரிக் குழுக்கள் மானியக் கோரிக்கைகளை ஆராய்கின்றன. நாடாளுமன்றத்தில் 1993-இல் துறைசார் நிலைக்குழுக்கள் வந்தன. இங்கே அந்த வேலை மைக் முன்னால் சில நிமிடங்களில் நடந்தாக வேண்டும். 2022 ஜனவரியில் பேரவையின் கேள்வி நேரம் நேரலையாக வரத் தொடங்கியது நல்ல திருப்பம். ஆனால் நேரலையில் நன்றாகத் தெரிவது கேள்வியும் பதிலும்தான். செலவின் கணக்கு தெரிவது குழு அறைகளில், அங்கே கேமரா இல்லை.

அவை கேட்காத கேள்வியை நீதிமன்றம் கேட்டது. 1991-இல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். இழப்பைக் கணக்கிட ஓய்வுபெற்ற நீதிபதி பி. பாஸ்கரன் தலைமையில் ஆணையம். 2001-இல் அந்த ஆணையம் 547 ஆலைகள் சேர்ந்து, பாதிக்கப்பட்ட 29,000-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது. தலைக்குக் கணக்கிட்டால் பத்தாயிரத்துக்கும் கீழே. அதையும் எல்லோரும் வாங்கி முடிக்கவில்லை.

நீதிமன்றத்தை மெச்ச வேண்டியதுதான். ஆனால் நீதிமன்றத்தால் துணைக் கேள்வி கேட்க முடியும், ஆண்டுக்கு ஆண்டு கேட்க முடியாது. வழக்கு பட்டியலில் வரும்போது கேட்கும். 1996-க்கும் அடுத்த பெரிய தீர்ப்புக்கும் இடையில் 28 ஆண்டுகள் ஓடின. அந்த 28 ஆண்டுகளில் மக்களவையும் பேரவையும் ஆண்டுதோறும் கூடி, ஆண்டுதோறும் இந்தத் துறைகளுக்குப் பணம் ஒதுக்கி வாக்களித்தன.

2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் அளித்த தீர்ப்பு நிலைமையை ஒரு முக்கியமான விதத்தில் மாற்றிவிட்டது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இன்னும் சேராத ஈட்டை ஆறு வாரத்துக்குள் மாநில அரசே கொடுக்க வேண்டும். கொடுத்ததை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும். பாலாற்றை மீட்கும் வழிகளைச் சொல்ல ஒரு குழு. சட்டக்காரர்கள் இதில் கொள்கை விரிவாக்கத்தைப் பார்க்கிறார்கள். எனக்குக் கண்ணில் படுவது கணக்குப் புத்தகம். இதுவரை ஈடு என்பது ஆலைக்கும் விவசாயிக்கும் இடையிலான பாக்கி, நடுவில் ஆணையம். அரசு தன் கஜானாவிலிருந்து கொடுக்கும்போது அது அரசின் செலவு. வசூலித்தால் அரசின் வரவு. செலவானால் மானியக் கோரிக்கையில் ஒரு தலைப்பின் கீழ் ஏற வேண்டும், தணிக்கைக்கு உட்பட வேண்டும், ஆட்சேபம் எழுந்தால் பொதுக் கணக்குக் குழுவுக்குப் போக வேண்டும். எந்த அமைச்சரும் இது என் துறை இல்லை என்று நகர முடியாத இடத்துக்கு, முதல் முறையாக, இந்தப் பணம் வந்து சேருகிறது.

ஆகவே அரக்கோணமோ ஆற்காடோ, எந்த இருக்கையிலிருந்தும் ஓர் உறுப்பினர் கேட்கத்தக்க கேள்வி இப்போது இருக்கிறது, உரிய முன்னறிவிப்போடு எழுதிக்கொடுக்கலாம்: 2025 தீர்ப்பின்படி ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் எத்தனை குடும்பங்களுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, எந்த மானியக் கோரிக்கையின் எந்தத் தலைப்பிலிருந்து கொடுக்கப்பட்டது, அதில் எந்தெந்த ஆலைகளிடமிருந்து எவ்வளவு திரும்ப வசூலாகியிருக்கிறது, வசூலாகாத தொகையைக் கைவிட ஏதும் முடிவெடுக்கப்பட்டதா. துணைக் கேள்வியைப் பதில் வந்த பிறகு தீர்மானித்துக்கொள்ளலாம்.